அளவு அங்கிளும் காலியாகக் கிடந்த கட்டமும்

பூமியின் சுற்றளவை முதலில் அளந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் ஒரு முழம் பிழை விட்டிருந்தால்கூட அதைப் பிடித்துவிடக்கூடிய ஒரே ஆள் சிட்னியில், டூங்கபி ரயில் நிலையத்திலிருந்து ஒன்பது நிமிட நடையில் குடியிருந்தார். ஒன்பது நிமிடம் என்பது நான் சொல்வது. அவரைக் கேட்டால் எழுநூற்று இருபத்தெட்டு மீட்டர் என்பார்.

அவருக்கு முறையான ஒரு பெயரும் இருந்தது. மின்சாரக் கட்டணக் கடிதத்தில் பார்த்திருக்கிறேன். மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் அளவு அங்கிள். வீடுகளின் சமையலறைகளுக்கு, அவர் பேச்சில் குசினிகளுக்கு, அலுமாரி பொருத்துவது தொழில். இடுப்பில் எப்போதும் எட்டு மீட்டர் டேப் ஒன்று தொங்கும். கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனாலும் தொங்கும். ஐயர் விபூதி தருவதற்குள் கர்ப்பக்கிருக வாசலின் அகலத்தை எடுத்துவிடுவார்.

2010இல் மாணவர் விசாவில் வந்து இறங்கிய நான், அவர் வீட்டுப் பின்வளவில் இருந்த சின்ன அறைக்கு வாடகைக்குப் போனேன். கதவைத் திறந்தவர், பெயர் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை.

“தம்பி என்ன உயரம்?”

“ஒரு மீட்டர் எழுபது, அங்கிள்.”

என்னைக் கதவு நிலையோடு சாத்தி நிறுத்தி டேப்பை இழுத்தார். “ஆயிரத்து அறுநூற்றித் தொண்ணூற்றி ரெண்டு. முதல் நாளே எட்டு மில்லி பொய்.” பிறகு உள்ளே நின்ற தன் மனைவி, அன்ரியிடம் திரும்பி, “இஞ்சேரும், பெடியன் பரவாயில்லை, கட்டில் நீளம் காணும்!” என்றார். அப்படித்தான் எனக்கு அறை கிடைத்தது.

செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு பலகாரக் கடைக்காரர், அங்கிளின் கை இடுப்புக்குப் போவதைக் கண்டாலே ஒரு வடையைக் கூடப் போட்டுவிடுவார். ஒருமுறை அவர் அசந்திருந்த நேரத்தில் அங்கிள் அளந்து, “போன கிழமை எழுபது. இண்டைக்கு அறுபத்தி நாலு. ஆறு மில்லி வடை எங்கை போனது?” என்று கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்ததன் விளைவு அது. ஒரு கல்யாணத்தில், கெட்டிமேளம் தொடங்கப்போகிற கணத்தில் எழுந்து நின்று, “மணவறை நாப்பது மில்லி இடப்பக்கம் விலகிப் போட்டுது!” என்று அறிவித்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி இடப்பக்கம் பார்த்தார். அன்ரி அங்கிளின் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார்த்தியிராவிட்டால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எழுப்பி மணவறையை நகர்த்தியிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு சனிக்கிழமை, ஷொப்பிங் சென்டரில், விடுமுறைத் திட்டம் விற்கும் பெண்ணொருத்தி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். ஒரு கூட்டத்துக்கு வந்து இரண்டு மணிநேரம் இருந்தால் போதும், கோல்ட் கோஸ்ட் தீம் பார்க்குக்குக் குடும்ப டிக்கெட் இலவசம் என்றாள். அங்கிள் சீட்டின் நீள அகலத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

“தம்பி, நீயும் வா. இங்கிலீசுக் காகிதம் கன வரும். நீ வாசிச்சுச் சொன்னால் நான் கையெழுத்து வைப்பன்.”

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். எட்டு வயதிலிருந்தே, வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமானாலும் வாசித்துச் சொல்வது என் வேலை. அதோடு ஒரு வியாதியும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. ‘விளங்கவில்லை’ என்ற சொல் என் வாயில் வராது. விளங்காததற்கும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவேன்.

அன்றைக்கே நடந்த கூட்டத்தில் எங்களுக்கு வாய்த்தவர் கிரெக் என்ற விற்பனையாளர். அவருடைய பற்கள் எல்லாமே ஒரே அளவு என்று அங்கிள் என் காதில் சொன்னார். கிரெக் விளக்கினார். வீடு வாங்க வேண்டாம், வீட்டில் ஒரு வாரத்தை வாங்கினால் போதும். தீம் பார்க்கைச் சுற்றி அவர்களுக்கு ஐந்து ரிசோர்ட்கள். அதில் ஒன்றை நமது ‘ஹோம் ரிசோர்ட்’ என்று தெரிவு செய்ய வேண்டும். அங்கே அறை பதிய நமக்கு முதல் உரிமை. மற்ற நான்கில், ஆட்கள் பதிந்து மிஞ்சினால் நமக்கு.

அங்கிளின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மகள் குடும்பம் மெல்பேர்னில், ட்ருகனினாவில். மகன் குடும்பம் பேர்த்தில். எல்லோரும் ஒரே கூரையின்கீழ்ப் படுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. “வருசத்திலை ஒரு கிழமை, தம்பி. பதினொரு பேரும்,” என்றார். அதற்காக, வேலையை விட்ட பிறகு இருப்பதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுக்கப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அலுமாரிகளுக்குக் கீழே முழந்தாளிட்டு முழந்தாளிட்டு அவருடைய இரண்டு முழங்கால்களும் முடிந்திருந்தன. படியேறும்போது அடுத்த அறைக்குச் சத்தம் கேட்கும். அடுத்த வருடம் வேலையை விடுவதாக அன்ரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“அதுக்கென்ன, இன்னும் ஏழெட்டு வருசம் இழுக்கலாம்,” என்றார் அங்கிள், முழங்காலைத் தடவிக்கொண்டு.

நாற்பது பக்க ஒப்பந்தம் என் மடியில் வந்து விழுந்தது. நான் முகத்தை இறுக்கினேன். பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு வசனமும் ஒரு முற்றுப்புள்ளியைத் தேடி அரைப் பக்கம் அலைந்தது.

“எப்பிடித் தம்பி, எல்லாம் சரியோ?”

“ஓம் அங்கிள். சரியாத்தான் இருக்கு.”

அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஹோம் ரிசோர்ட். கிரெக் பேனாவால் தட்டிக் காட்டினார். அங்கிள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு டேப்பை எடுத்தார்.

மூலையில் ஒரு ரிசோர்ட்டின் மாதிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நூறில் ஒரு பங்கு அளவு என்று எழுதியிருந்தார்கள். அங்கிள் குனிந்து, கண்ணாடியோடு டேப்பை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “குசினி எட்டு மில்லி. நூறாலை பெருக்கினால் எண்ணூறு. உதுக்குள்ளை மனுசி நிண்டு திரும்பேலாது. மிச்ச நாலும் எப்பிடி எண்டு கேள்.”

கேட்டேன். ஐந்தும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் போடுங்கள் என்றார் கிரெக்.

“ஐஞ்சும் ஒண்டெண்டால் என்னத்துக்கு எங்களைத் தெரிவு செய்யச் சொல்லுறார்?”

அதை நான் மொழிபெயர்த்ததும் கிரெக்கின் பற்கள் முதல்முறையாக மறைந்தன. அரைமணி நேரம் போராடிப் பார்த்தார். இன்றைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்றார். அங்கிள் அசையவில்லை. கட்டம் நிரம்பாமல் காகிதத்தை உள்ளே அனுப்ப முடியாதாம். கடைசியில், புதன்கிழமை தானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஒப்பந்தத்தைத் தந்தார். இலவச டிக்கெட்டுகளையும் தந்தார், கொஞ்சம் கசந்த முகத்தோடு.

அடுத்த மூன்று நாள் டூங்கபிக்கு வேறு பேச்சில்லை. பால் காய்ச்ச எந்த ரிசோர்ட் நல்லது என்று கோயில் மடப்பள்ளி வாசலில் விவாதம் நடந்தது. கடலுக்குக் கிட்ட எடு என்றார் ஒருவர். உப்புக் காற்றில் தோசைக்கல் துருப்பிடிக்கும் என்றார் இன்னொருவர். வருடத்தில் ஒரு வாரம் மட்டும் இருக்கப் போகிற இடத்தில் கறிவேப்பிலை நடலாமா என்று அன்ரியிடம் ஒருவர் கேட்டார். அன்ரி, “இந்த மனுசனை அங்கை நட்டுவிட்டு வரலாமோ எண்டு கேளுங்கோ,” என்றார்.

வீட்டில் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்து, என்னைக் கதிரையில் உட்கார்த்தி, அங்கிள் விசாரணை நடத்தினார். ஐந்து ரிசோர்ட்டுக்கும் ஒரே கேள்வி. அடுப்பிலிருந்து அதற்கு மேலே புகை இழுக்கும் பெட்டிவரை எத்தனை மில்லி? ஏனென்றால், பானைக்கு மேல் புட்டுக் குழலை வைத்தால் அது முட்டக்கூடாது.

முதல் ரிசோர்ட் தொலைபேசியை வைத்துவிட்டது. இரண்டாவது, பீட்சா கொண்டுவந்து தரும் கடைகளின் பட்டியலை வாசித்தது. நான்காவதும் ஐந்தாவதும் கிரெக்கையே கேட்கச் சொல்லின. மூன்றாவதில் இருந்த டெப்பி என்ற பெண்தான் தங்கமானவள்.

“ஒரு நிமிஷம் இருங்க, டார்லிங்,” என்று போனாள். பத்து நிமிடம் கழித்து மூச்சு வாங்க வந்தாள். அளவுகோல் இல்லையாம். ஏ-ஃபோர் காகிதத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தாளாம். இரண்டு காகித உயரமும் ஒரு விரலும்.

“எந்த விரல்?” என்றார் அங்கிள்.

“அங்கிள்…”

“கேள் தம்பி!”

கேட்டேன். சுண்டுவிரல், குறுக்காக. அங்கிள் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். “அறுநூற்றி ஆறு. குழல் நிக்கும்!” என்று மேசையில் அடித்தார். ஹோம் ரிசோர்ட் முடிவாகிவிட்டது.

அந்த இரவு அல்ல, மறுநாள் செவ்வாய் மத்தியானம், நான் வேலை செய்த செவன் ஹில்ஸ் கிடங்கில் சாப்பாட்டு இடைவேளையில், ஒப்பந்தத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, என் வாழ்க்கையில் முதல்முறையாக, விளங்காத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்து வாசித்தேன். வாசிக்க வாசிக்கச் சோறு ஆறிப்போனது. ஒரு அறையில் ஆறு பேருக்குமேல் தங்கக் கூடாது. பள்ளி விடுமுறை வாரங்களில் ஹோம் ரிசோர்ட் ஆனாலும் இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. வருடாவருடம் பராமரிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகையும் கூடிக்கொண்டே போகும். எப்போது முடியும் என்று பார்த்தேன். முடிகிற இடமே அந்த நாற்பது பக்கத்தில் இல்லை.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். ‘வாசித்தவன் நீதானே’ என்று கேட்பாரே என்று பயந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். வீட்டுக்குள் அங்கிள் படியேறும் சத்தம் கேட்டது. முழங்கால், படி, முழங்கால், படி.

புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது வாசலில் கிரெக்கின் கார் நின்றது. சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். கிரெக்கின் கையில் அன்ரி பொரித்த ரோல்ஸ். அங்கிளின் கையில் பேனா. பேனா கட்டத்தின்மேல்.

“அங்கிள், நில்லுங்கோ! எழுதாதேங்கோ!”

“ஏன்ரா?”

“எனக்கு விளங்கேல்லை.” சொல் வெளியே வந்தேவிட்டது. “அண்டைக்கு வாசிக்கேக்கை ஒண்டும் விளங்கேல்லை. விளங்கின மாதிரி நடிச்சனான். நேற்றுத்தான் ஒழுங்கா வாசிச்சனான்.”

கிரெக் மட்டும் ரோல்ஸை மென்றார். அங்கிள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“சொல்லு. என்ன கிடக்கு?”

“ஒரு அறையிலை ஆறு பேர்தான்.”

“நாங்கள் பதினொண்டு.” பேனா கொஞ்சம் உயர்ந்தது.

“வருசா வருசம் கட்டோணும்.”

“எத்தினை வருசம்?”

“முடிவில்லை, அங்கிள்.”

“முடிவில்லையெண்டால்? உவரைக் கேள்.”

கேட்டேன். கிரெக் வாயைத் துடைத்துக்கொண்டு, அதுதான் இதன் சிறப்பு, உங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கும் தொடரும் என்றார்.

அங்கிள் பேனாவை மூடினார். இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து வறவறவென்று இழுத்தார். அது மேசையைத் தாண்டி, கிரெக்கின் மடியைத் தாண்டி, தொலைக்காட்சிவரை போய், டக்கென்று நின்றது.

“இஞ்சை பார். இந்த டேப்புக்கே எட்டு மீட்டரிலை ஒரு முடிவு கிடக்கு. முடிவில்லாத சாமானை நான் என்னெண்டு அளக்கிறது? அளக்கேலாததை என்ரை பிள்ளையளுக்கு என்னெண்டு குடுக்கிறது? சொல்லு தம்பி அவருக்கு.”

நான் மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சரியாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. கிரெக், மற்ற எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதே என்று இழுத்தார். கட்டம் காலி, காகிதம் உள்ளே போகவில்லை, போனாலும் மனம் மாறச் சில நாள் அவகாசம் உண்டு, இருபத்தெட்டாம் பக்கம் என்றேன். கிரெக் இருபத்தெட்டாம் பக்கத்தைத் தன் கண்ணால் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, இன்னொரு ரோல்ஸ் கிடைக்குமா என்று அன்ரியிடம் கேட்டார். அன்ரி நான்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கார் தெருமுனையில் திரும்பியதும், அன்ரி நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, “அப்பனே முருகா,” என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்,” என்று அங்கிள் விரல் மடக்கினார். “விளங்கேல்லை எண்டு சொல்ல உனக்கு ஐஞ்சு நாள். கொஞ்சம் நீளம்தான்.” அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அந்த இலவச டிக்கெட்டுகள் வீண்போகவில்லை. அடுத்த விடுமுறையில் பதினொரு பேரும், அன்ரியின் கட்டளையால் நானும், கோல்ட் கோஸ்டில், வண்டிவீடுகள் நிற்கும் ஒரு கரவன் பார்க்கில் இரண்டு கூடாரம் அடித்துத் தங்கினோம். புட்டுக் குழல் எதிலும் முட்டவில்லை, மேலே வானம். தீம் பார்க்கில் ஒரு சவாரி வாசலில், உயரம் காணாது என்று பேத்தியை நிறுத்திவிட்டார்கள். அங்கிள் பேத்தியை அளக்கவில்லை. உயரப் பலகையை அளந்தார். பலகையை நட்டிருந்த சீமெந்து மேடு பன்னிரண்டு மில்லி உயரம், அதனால் பலகையின் கோடும் அவ்வளவு கூட! மேற்பார்வையாளர் வந்தார், அவருக்கு மேலே இருந்தவர் வந்தார், வரிசை நீண்டது. கடைசியில் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பேத்தி உள்ளே போனாள். பின்னால் நின்ற முன்பின் தெரியாத நாலைந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கைதட்டிக்கொண்டு போனார்கள்.

சொன்னபடி அடுத்த வருடம் அங்கிள் வேலையை விட்டார். விட்ட முதல் திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தபோது, பின்வளவுப் புல்லில் கதிரையைப் போட்டு, இன்னொரு கதிரையில் இரண்டு முழங்காலையும் நீட்டி, வெயிலில் இருந்தார்.

“என்ன அங்கிள் செய்யிறியள்?”

“ஒண்டுமில்லையடா,” என்றார், கண்ணைத் திறக்காமலே.

நான் ஏறவேண்டிய ரயில் போகும் சத்தம் கேட்டது. பரவாயில்லை என்று, அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.