சங்கத்து வண்டிக்கு டயர் சுழற்சி

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. அது மனித குலத்தின் அலட்சியம். சக்கரத்தைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டவர் விஷயத்திலாவது அந்தத் தவறு நடக்கக் கூடாது. அவர் பெயர் கோதண்டம். பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டியிருக்கும் சின்னக் குப்பத்தில் மீனவர் சங்கத் தலைவர்.

சங்கத்துக்கு ஒரு கார் உண்டு. பிரசவ வலி, நெஞ்சு வலி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்தது. முன் கண்ணாடியில் 'அவசர ஊர்தி' என்று எழுதியிருக்கும். அதைத் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, சாவியை இடுப்பில் சொருகிக் காத்து வந்தார் கோதண்டம். கண்ட கண்ட வலிக்கெல்லாம் கொடுத்து வண்டியின் மரியாதையைக் குறைக்க அவர் சம்மதித்ததே இல்லை.

ஒருநாள் போனில் வீடியோ பார்த்தவருக்கு ஞானம் பிறந்தது. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றினால் டயர் நெடுநாள் உழைக்குமாம். வீட்டிலேயே செய்யலாமாம். உடனே 'டயர் சுழற்சி விழா' அறிவிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை மைக் செட் வந்தது. ஜாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சால்வை தலைவருக்கு.

"இன்னா தலைவரே, முன் டயரு ரெண்டும் மொட்டையா கீது?" என்றார் செயலாளர் லோகநாதன்.

"உப்புக் காத்து," என்றார் கோதண்டம். "ரப்பரைத் தின்னுடும்."

"பின் டயர மட்டும் தின்னலியா?"

"காத்து முன்னாலேர்ந்துதானே அடிக்குது."

இந்த விஞ்ஞான விளக்கத்தை லோகநாதன் மைக்கில் ஊருக்கு அறிவித்தார்.

கோதண்டம் ஜாக்கியை வைத்துத் திருகினார். கார் ஏறவில்லை, மணலில் ஜாக்கிதான் இறங்கியது. ஐஸ் பெட்டி மூடியைக் கொண்டுவந்து அடியில் வைத்தார்கள். அது இரண்டாகப் பிளந்தது. கடைசியில் படகுப் பலகை ஒன்றைப் போட்டதும் கார் எழுந்தது. கைதட்டல். ஆனால் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. வண்டி தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தைத் தலைவர் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தார். எனவே காரை இறக்கி, நட்டைத் தளர்த்தி, மறுபடி ஏற்றினார்கள். அதற்கும் கைதட்டல்.

ஒரு சக்கரம் கழன்றதும் லோகநாதனுக்குக் கொள்கைச் சந்தேகம் வந்தது. "முன்னால கீறவங்க பின்னால போவணும்னா, அது நம்ம நிர்வாகிங்களுக்கும் பொருந்துமா தலைவரே?"

கோதண்டத்துக்கு வியர்த்தது. அவசரக் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் அவர்கள் இருவரும்தான். 'சுழற்சி முறை ரப்பருக்கு மட்டுமே' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அப்போதுதான் முனியம்மா ஓடி வந்தாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள். உள்ளங்கை வீங்கி, முகமெல்லாம் வியர்வை.

"அண்ணே, கெளுத்தி முள்ளு ஏறிடுச்சு. தோள் வரிக்கும் விண்ணு விண்ணுனு தெறிக்குது. பழவேற்காடு ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்கண்ணே."

கோதண்டம் நெகிழ்ந்துபோனார். "உன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தாம்மா இவ்ளோ பாடு. ஒக்காரு."

"எம்மா நேரம் ஆவும்?"

"மூணு சக்கரம்தான் பாக்கி."

முனியம்மா மூன்று காலில் நின்ற காரைப் பார்த்தாள். ஐஸ் இறக்கிவிட்டுத் திரும்பிய லோடு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, ஈரச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்து போனாள். விழாவின் பாதியில் ஒரு 'பயனாளி' எழுந்து போனதில் தலைவருக்கு மிகுந்த வருத்தம்.

சாயங்காலம் பணி நிறைவுற்றது. கோதண்டம் சட்டை மாற்றி வந்தார். பின்னாலேயே பட்டுப் புடவையில் மனைவி பச்சையம்மா, சீர்த் தட்டோடு மைத்துனி, அவள் புருஷன், பிள்ளைகள்.

"சோதனை ஓட்டம்," என்று மைக்கில் சொன்னார் கோதண்டம்.

"எளாவூர் ரிசப்ஷனுக்கு நேரமாவுது, ஏறுய்யா," என்றாள் பச்சையம்மா, மைக்குக்குக் கேட்கும்படி.

எல்லோரும் ஏறிக் கதவைச் சாத்தும்போது அதே லோடு ஆட்டோவில் முனியம்மா கைக்கட்டோடு வந்து இறங்கினாள்.

"அவசரத்துக்குத்தானேண்ணே இந்த வண்டி?"

"பொண்ணு மாப்ள மேடையேறிட்டாங்களாம்மா. இதவிட அவசரம் இன்னா கீது?"

கோதண்டம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சக்கரங்கள் விர்ரென்று சுழன்றன. மணல் பறந்தது. வண்டி மட்டும் நகரவில்லை. மெதுவாகக் கீழே இறங்கியது.

"தள்ளுங்கப்பா," என்றார். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் முனியம்மாவின் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோகநாதன்கூட மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

கோதண்டம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏம்மா முனியம்மா, டயரு சரியா சுத்துதா பாரு."

முனியம்மா குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தாண்ணே சுத்துது. ஊருக்குக் குடுத்த வண்டி, ஊரை வுட்டுட்டு ஊரெல்லாம் சுத்துது."