‘யாரு பாத்தா’வும் என் மூன்றாம் அத்தியாயமும்

கடவுளே நேரில் வந்து நின்றாலும் அடையாள அட்டை கேட்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் மறையூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர்) உட்கார்ந்திருக்கிறார். கடவுள் அட்டையை நீட்டினால் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கையெழுத்துப் போட்டது யாருவே?” என்று கேட்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் ‘யாரு பாத்தா’. யார் என்ன சேதி கொண்டுவந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற கேள்வி அதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். மூணாறில் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்; வாத்தியார் என்பதால் மலையாள வழக்கப்படி அவருக்கு நான் ‘மாஷ்’. எனக்குச் சொந்த ஊர் பெருமாட்டி. மூச்சிரைப்புக்கு மறையூரின் வறண்ட காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதால் இங்கே வீடு வாங்கினேன். அதைச் சொன்னபோதும் அவர், “நல்லதுன்னு யாரு பாத்தா?” என்றுதான் கேட்டார்.

ஒரு முறை பழைய கணக்கப்பிள்ளை இறந்துபோனதாக ஊரில் பேச்சு. கட்சிக்காரர்கள் மலர்வளையத்தோடு கிளம்பிவிட்டார்கள். நம் ஆள் மட்டும் சைக்கிளை மிதித்து முன்னால் போனார். கணக்கப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மலர்வளையம் வந்தது. கணக்கப்பிள்ளை அதை ஏற இறங்கப் பார்த்து, “நல்லா இருக்கே, யாருக்கு?” என்று விசாரித்தார்.

இன்னொரு முறை பஸ் ஸ்டாண்ட் பக்கம் புலி வந்ததாக ஊரே அலறியது. பார்த்ததாகச் சொன்னவர்களையெல்லாம் அவர் வாயனசாலைக்கு வரவழைத்துத் தனித்தனியே விசாரித்தார். கடைசியில் தீர்ப்பு சொன்னார்: “நீங்க எல்லாரும் பாத்தது, ஒருத்தன் தலைதெறிக்க ஓடுனத. அந்த ஒருத்தன் ஓடுனது, மூணாறு பஸ்ஸு கிளம்பிருச்சேன்னு. புலி பாவம், அது எங்க படுத்துக் கெடக்கோ!”

இவரோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று அவர் மனைவியிடமே கேட்டேன். “இவுக நல்லவுகன்னு எல்லாரும் சொன்னாக. யாரு பாத்தான்னு நான் ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன்” என்றார் அந்த அம்மாள்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் பயங்கரவாதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன் என்று சொன்னது, நெருப்பிடம் போய் எண்ணெய் இருக்கிறது என்று சொன்னதற்குச் சமம். பயங்கரவாதம், உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவை பற்றிக் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழில் ஒரு நல்ல நூல் இல்லை என்பது என் நெடுநாள் குறை. ஆதாரம் தேடி அவருடைய வாயனசாலைக்குப் போனேன்.

அங்கே அலமாரித் தட்டுகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் எந்த நூலகவியல் படிப்பிலும் கிடையாது. மேல்தட்டு, ‘பார்த்தவர்’. அதற்குக் கீழே ‘கேட்டவர்’. அதற்கும் கீழே ‘கேட்டவரைக் கேட்டவர்’. தரையை ஒட்டிய தட்டுக்குப் பெயர் ‘சும்மா’. நான் முன்பு எழுதிய பாடநூல் சும்மாவில் இருந்தது. அதன் மேல் ஒரு எலிப்பொறி இருந்தது.

“பயங்கரவாதத்துக்கு மேல்தட்டுல என்னங்க இருக்குது, அண்ணாச்சி?” என்றேன்.

“கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கு மாஷே. ரெண்டு பக்கமும் குறுக்கு விசாரணை பண்ணிருப்பான். தப்பியும் இருக்கலாம், ஆனா எதுக்கு அப்படி முடிவு பண்ணுனேன்னு காரணம் எழுதியிருப்பான். குண்டு வெடிச்ச எடத்துல இருந்து பொழச்சவுக எழுதுனது இருக்கு. ஆனா அவுகளும் புகைக்கு நடுவுலதான நின்னாக? ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் எழுதுனதோட வச்சுப் படிக்கணும்.”

“அரசாங்க அறிக்கை?”

“அவுக பாத்துருப்பாக. எதுக்காகப் பாத்தாகன்னு சேத்துப் படிச்சாச் சரி.”

“புள்ளிவிவரம் போடற ஆராய்ச்சி நிலையங்க?”

“எதப் பயங்கரவாதம்னு எண்ணுதான், எப்படி எண்ணுதான், எவன் காசுல எண்ணுதான். இந்த மூணையும் மொதப் பக்கத்துல சொல்லிருந்தா ரெண்டாவது தட்டு. சொல்லலேன்னா எலிப்பொறி.”

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் என் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. என் மூன்றாம் அத்தியாயம் எங்கள் பகுதியைப் பற்றியது. கேரள, தமிழக எல்லையில், மறையூருக்கு மேலே ஒரு மலையில், சில ஆண்டுகளுக்கு முன் இரவுகளில் துப்பாக்கிப் பயிற்சி நடந்ததாக அதில் எழுதியிருந்தேன். அந்த மலைப் பெயரோடு தடிமனான ஓர் ஆங்கில நூலில் கண்டது. அதற்கு அடிக்குறிப்பில் மூன்று ஆதாரங்கள். நூலையே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

“மூணு ஆதாரமுங்க, அண்ணாச்சி.”

“மூணு பேரு சொல்லுதானா, இல்ல ஒருத்தன் சொன்னத மூணு பேரு சொல்லுதானா?”

அந்த நேரம் பார்த்து முருகேசன் உள்ளே வந்தார். மலையடிவாரத்தில் கரும்பு போட்டு, சொந்தமாக ஆலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். அந்த அடிவாரத்தில் இருக்கும் ஒரே வீடு அவருடையது. அவர் மகள் செல்வி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது.

“பாஸ்போர்ட்டு வரல சாரே” என்றார் முருகேசன். நின்றபடியே பேசினார். “மாசக் கடைசிக்குள்ள காட்டலேன்னா வேற ஆள எடுத்துருவாகளாம். ஸ்டேஷன்ல போய்க் கேட்டா, எங்க வீடு இருக்க எடத்தப் பத்தி மேல ஒரு குறிப்பு கெடக்குங்காக. அந்த மலையில துப்பாக்கிப் பயிற்சி நடந்துச்சாம்.”

“யாரு பாத்தா?”

“அதத்தான் நானும் கேட்டேன். எதோ புஸ்தகத்துல இருக்காம்.”

யாரு பாத்தா மெதுவாக என் பக்கம் திரும்பினார். பிறகு மேசை மேல் இருந்த தடிமனான நூலைப் பார்த்தார். “மாஷே, ஒம்ம மூணாவது அத்தியாயம் இந்த மலைதான?”

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. போலீஸ் நாய் மோப்பம் பிடிப்பதுபோல அடிக்குறிப்புகளின் பின்னால் ஓடினார். முதல் ஆதாரம் ஓர் இணையதளம். அது இரண்டாவது ஆதாரமான ஆராய்ச்சி அறிக்கையைப் பார்த்து எழுதியது. அறிக்கை, மூன்றாவது ஆதாரமான ஆங்கில நாளிதழைப் பார்த்து எழுதியது. நாளிதழோ, ‘ஒரு தமிழ் வார இதழ் கூறுகிறது’ என்று கைகழுவிவிட்டது. அந்த வார இதழ்களைச் சும்மா தட்டில் கட்டுக்கட்டாக அவர் வைத்திருந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புரட்டினார். தும்மினார். மறுபடி புரட்டினார். கடைசியில் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“இந்தா இருக்கு! ‘எல்லைவாசி’ன்னு ஒருத்தன் எழுதிருக்கான். ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’. எந்த வட்டாரம்டா? எவன்டா நீ? செத்துகித்துப் போயிட்டானோ என்னமோ!”

வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எல்லைவாசி நான்தான். மூணாறில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பெயரில் அவ்வப்போது எழுதுவேன். உடுமலையிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒருவர், அந்த மலைப் பக்கம் ராத்திரியானால் டமார் டமார் என்று சத்தம் கேட்கிறது என்றார். எனக்கு அந்த வாரக் கட்டுரைக்கு விஷயம் இல்லாமல் இருந்தது. சத்தத்தைத் துப்பாக்கி ஆக்கினேன். துப்பாக்கியைப் பயிற்சி ஆக்கினேன். வேர்க்கடலை தின்றவரை நம்பத்தகுந்த வட்டாரங்கள் ஆக்கினேன். பிறகு மறந்தே போனேன். ஆங்கில நூலில் அதைப் படித்தபோதுகூட, எங்கோ கேட்ட செய்தி உறுதியாகிவிட்டதே என்று மகிழ்ந்தேனே தவிர, கேட்டது என் குரல்தான் என்று உறைக்கவில்லை.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. எல்லைவாசி செத்துப்போனதாகவே அவர் முடிவு கட்டிவிடுவார். நினைத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அந்த யோசனையோடு நான் காலை வரை இருந்தேன்.

விடிந்ததும் வாயனசாலைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்ட என் மனைவியும் கூட வந்தாள். முருகேசன் ஏற்கெனவே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, எல்லைவாசிங்கறது நான்தானுங்க” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நீருதான்னு யாரு பாத்தா?”

“அண்ணாச்சி, நானே ஒத்துக்கறேனுங்க!”

“ஒத்துக்கிட்டா ஆச்சா? தீவிரவாதக் கேசுல செய்யாதவன் ஒத்துக்கிட்ட கதையெல்லாம் மேல்தட்டுல கெடக்குவே. எழுதும்போது யாரு பாத்தா?”

“நான் பாத்தேனுங்க” என்றாள் என் மனைவி. “சமையக்கட்டு மேசையில உக்காந்துதான் எழுதுனாங்க. எங்க மாமா தோட்டத்துல யானை வந்தா வெடி போடுவாங்க, அந்தச் சத்தமா இருக்கப் போகுதுன்னு அப்பவே சொன்னேனுங்க. இவங்க காதுலயே வாங்குல.”

அது உண்மை. நம்பத்தகுந்த வட்டாரம் என் வீட்டுச் சமையலறையில்தான் இருந்திருக்கிறது.

முருகேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா, கரும்புக்கு யானை எறங்கும். வெடி போட்டாத்தான் போகும். நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா வெடியவே காட்டிருப்பேனே, சாரே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

எல்லோருமாக ஸ்டேஷனுக்குப் போனோம். புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. நல்ல மனிதர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

“சாரே, தப்பாயிட்டு எழுதினேன்னு நீங்க சொல்றது சரி. பக்ஷே அந்தச் சத்தம் வேற என்னன்னு என் ரிப்போர்ட்ல நான் எழுதணுமே?”

“நீங்க பாத்தீங்களா?” என்றார் யாரு பாத்தா.

“இல்ல.”

“அப்ப வாங்க, பாப்போம்.”

சாயங்காலம் முருகேசனின் ஆலை வாசலில் நின்றோம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் கரும்புக்குள் சலசலப்பு கேட்டது. முதலில் ஒரு துதிக்கை தெரிந்தது. பின்னால் மொத்தக் குடும்பமும் தெரிந்தது. முருகேசன் வெடியைக் கொளுத்தி எறிந்தார். மலை முழுக்க எதிரொலித்தது. எனக்கே ஒரு கணம் துப்பாக்கியாகத்தான் கேட்டது. யானைகள் நிதானமாகத் திரும்பி நடந்தன. எஸ்.ஐ.யை மட்டும் காணவில்லை. பின்பக்கம் கரும்புச் சக்கைக் குவியலிலிருந்து ஒரு தொப்பி எழுந்தது.

யாரு பாத்தா அந்தத் தொப்பியைப் பார்த்து, நீதிபதி மாதிரி கேட்டார்: “யாரு பாத்தா?”

“ஞான் கண்டு!” என்று குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஞான் தன்னே கண்டு!”

மாதம் முடிவதற்குள் செல்விக்குப் பாஸ்போர்ட் வந்தது. நான் வார இதழுக்கும் நாளிதழுக்கும் அறிக்கை வெளியிட்ட நிலையத்துக்கும் உண்மையை எழுதினேன். வார இதழ் ஒரு மூலையில் போட்டது. மற்றவர்களுக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் புத்தகமும் வந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அந்த மலை இருக்கிறது. ஒரு பொய் எப்படி மூன்று ஆதாரங்களாகப் பெருகியது என்றும், அதைத் தொடங்கியவன் இந்நூலாசிரியன் என்றும் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு யாரு பாத்தா என் புத்தகத்தை மேல்தட்டில் வைத்தார். நான் எட்டி அதை ஒரு முறை தொட்டுப் பார்த்தேன்.

“ரொம்பக் குளுந்துராதீரும்” என்றார். “அந்த ஒரு பக்கந்தான் மேல்தட்டு. மத்ததக் கிழிச்சுக் கீழ வைக்க மனசு வரல, அதான்.”

சென்ற மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. ஒரு கண்ணில் கட்டு. இன்னொன்றில் முன்பே பார்வை மங்கல். காலையில் வாயனசாலை வாசலில் உட்கார்ந்து நான் அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்டு உயிரை வாங்குகிறார். தலைப்பிலிருந்து நாங்கள் இரண்டாம் பத்திக்குப் போவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

நேற்று அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது உடுமலை பஸ் வந்து நின்றது. பெரிய பெட்டியோடு ஒரு பெண் இறங்கினாள்.

“அண்ணாச்சி, நம்ம செல்வி லீவுல வந்திருக்குதுங்க” என்றேன்.

சொல்லிவிட்டு, அந்தக் கேள்வி வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் கைத்தடியைத் தேடி எடுத்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். நான் கைகாட்டிய திசையில், முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, “வாம்மா செல்வி!” என்றார்.