நாக்குக்கு அடியில் பச்சைக் கல்

அந்தக் கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டுக்குக்கூட அவ்வளவு நீள வரிசை நின்றதில்லை. டைப்பிஸ்ட், லாரி டிரைவர், வாட்ச்மேன், எல்லாருக்கும் முன்னால் மேனேஜர். அத்தனை பேரும் 'ஆ'வென்று வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். புதிதாக யாராவது எட்டிப் பார்த்திருந்தால் பல் டாக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

வந்திருந்தவர் நாக்கு மாஸ்டர். கோட்டு, டை, கையில் வெல்வெட் பெட்டி. பெட்டி நிறையப் பச்சைக் கற்கள்.

"இங்கிலீஷ் எங்கேயோ வெளியில இருக்குன்னு தேடாதீங்க. உங்க நாக்குக்கு அடியிலதான் தூங்குது. நான் தட்டி எழுப்பறேன், அவ்வளவுதான்!"

இருபத்தொரு நாள் கல்லை நாக்குக்கு அடியில் வைத்திருக்க வேண்டும். அந்த இருபத்தொரு நாளும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் சக்தி கசிந்துவிடுமாம். ஆகா! நீச்சல் பழக வேண்டுமா, தண்ணீர்ப் பக்கமே போகாதே. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். மதி எங்கேயும் போகவில்லை, அதுவும் வரிசையில்தான் நின்றது.

அத்தாட்சிக்குத் தன் கார் டிரைவரைக் கூட்டி வந்திருந்தார் மாஸ்டர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆளாம். கல்லை வாயில் போட்டதும் கண்ணை மூடினான், உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினான், பிறகு மடை திறந்த மாதிரி கொட்டினான். "குட் மார்னிங், ரெஸ்பெக்டட் சார்! வி ஆர் பிளீஸ்டு டு இன்ஃபார்ம் யூ..." முழுசாக இரண்டு நிமிடம். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வரிசையில் கடைசியாக நின்றவள் பிரிச்சுப்பாரு அக்கா.

வெளிநாட்டிலிருந்து கண்ணாடிச் சாமான் வரவழைத்து விற்கிற கம்பெனி அது. வரும் சரக்கைச் சரிபார்த்து வாங்குவது அவள் வேலை. லாரிக்காரன் எடுத்து நீட்டுகிற பெட்டியை அவள் ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லை. அடுக்கின் நடுவிலிருந்து தானே ஒன்றை உருவி, "பிரிச்சுப் பாரு" என்பாள். பிரித்துப் பார்க்காமல் அவள் பேனா மூடி திறக்காது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு உடைந்த டம்ளர்கூட அவளைத் தாண்டி உள்ளே போனதில்லை. அப்படிப்பட்டவள் இந்த வரிசைக்கு எப்படி வந்தாள்?

பயம்தான். பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிறார். மேனேஜர் அவளிடம் சொல்லிவிட்டார்: "மூணு வாரம் கழிச்சு உடைசல் கணக்குக் கேட்டு சப்ளையர் போன் பண்ணுவாங்க. எல்லார் முன்னாடியும் இங்கிலீஷ்ல பேசிக் காட்டுங்கம்மா. பேசிட்டா அந்த நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவேன்."

உடைசல் ரிப்போர்ட்டை அவள் தினமும் இங்கிலீஷில்தான் எழுதினாள். பேசத்தான் வராது. எப்போதோ ஒரு தடவை போனில் தட்டுத் தடுமாறிப் பேசினாள், அறையே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து இங்கிலீஷ் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாவம், அவளும் வாயைத் திறந்தாள்.

அடுத்த மூன்று வாரம் கம்பெனி இருந்த அழகைச் சொல்லி மாளாது. போன் எடுக்கிற பெண் கல்லோடு "அழோ" என்றாள். எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டார்கள். வாட்ச்மேன் கொட்டாவி விடும்போது கல்லை விழுங்கிவிட்டார். "விழுங்கினா இன்னும் சீக்கிரம் பலிக்கும், ஆனா புதுசு ஒண்ணு வாங்கணும்" என்று மாஸ்டர் சொல்லியனுப்பினார். வாங்கினாரே!

இருபத்தோராம் நாள் ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்த அக்கா கல்லை எடுத்துத் தட்டோரம் வைத்தாள். அவள் கணவர் வண்ண மீன் கடை வைத்திருந்தார். கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது ஏது?"

"இங்கிலீஷ் கல். கீழே போட்டுடாதீங்க!"

"அடிப்பாவி, இது மீன் தொட்டிக்கு அடியில போடற கல்லு! நம்ம கடையில மூட்டை மூட்டையாக் கிடக்கு. என் மீனெல்லாம் வருஷக்கணக்கா இதும்மேலதான் படுத்திருக்கு. ஒண்ணாவது எனக்கு குட் மார்னிங் சொல்லியிருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சும்மா இருங்க. நாளைக்குத்தான் போன் வருது."

"ஒரு பெட்டிக்குப் பத்து தடவை பார்ப்பே. வாயில போடறதை ஒரு தடவை பார்க்கத் தோணலையா உனக்கு?"

சுருக்கென்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணி. கேன்டீன் மேஜை நடுவில் போன். மாஸ்டர் புதுப் பெட்டியோடும் டிரைவரோடும் வந்திருந்தார். பச்சைக் கல் பேச்சுக்கு, நீலக் கல் பதவி உயர்வுக்காம். மணி அடித்தது. மேனேஜர் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"நான் கத்துக்குட்டி சார். முதல்ல மாஸ்டரோட டிரைவர் பேசட்டும். அவருக்குத்தான் நல்லாத் திறந்துடுச்சே" என்றாள் அக்கா.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜரே டிரைவரைப் பிடித்துப் போன் முன்னால் நிறுத்தினார். அவன் கண்ணை மூடினான், குலுங்கினான், ஆரம்பித்தான். "குட் மார்னிங், ரெஸ்பெக்டட் சார்!"

"ஐ ஆம் நாட் சார்" என்றது ஒரு பெண் குரல். "விச் பாக்ஸ் இஸ் புரோக்கன்?"

டிரைவர் விழித்தான். பிறகு மறுபடி முதலிலிருந்து, "குட் மார்னிங், ரெஸ்பெக்டட் சார்! வி ஆர் பிளீஸ்டு..."

"ஹலோ? இஸ் திஸ் எ ரெக்கார்டிங்?"

"அவநம்பிக்கை இருக்கிற இடத்துல கல் வேலை செய்யாது!" என்று மாஸ்டர் குதித்தார்.

"அப்ப கல்லை விடுங்க. நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள் அக்கா.

"இன்னிக்கு எனக்கு மௌன நாள்."

"அரை மணி நேரமா எங்க காதைப் பிளந்தீங்களே, அது எந்த நாள்?"

மாஸ்டர் டையைத் தளர்த்திக்கொண்டார். போனில் அந்தப் பெண் இன்னும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தாள். அக்கா தன் கல்லைத் துப்பி மேஜையில் வைத்தாள்.

"மேடம். பாக்ஸ் செவன்டீன். டுவெல்வ் கிளாஸ் புரோக்கன்."

டைப்பிஸ்ட் களுக்கென்று சிரித்தாள். பழைய சிரிப்பு அதே மாதிரி அக்கா காதில் விழுந்தது. பேச்சை நிறுத்திவிடப் பார்த்தாள். அட, சிரிக்கட்டும், டம்ளரை எண்ணினவள் நான்தானே!

"ஐ ஓப்பன். ஐ சீ. பேக்கிங் நோ குட். பிளீஸ் சென்ட் நியூ டுவெல்வ். பிஃபோர் ஃப்ரைடே."

"வெரி கிளியர். ஃப்ரைடே. தேங்க் யூ, மேடம்."

போன் வைக்கப்பட்டது. மேனேஜர் அவள் பக்கம் திரும்பி, "ஆற்ஆலி உங்அளுக்அம்மா" என்றார். யாருக்கும் புரியவில்லை. கல்லைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு மறுபடி சொன்னார்: "நாற்காலி உங்களுக்குத்தாம்மா."

டிரைவர் ஓரமாக உட்கார்ந்து அழுதான். "அந்த ரெண்டு நிமிஷத்தை மனப்பாடம் பண்ண எனக்கு ஆறு மாசம் ஆச்சு சார். கல்லாவது, மண்ணாவது!" அந்தக் கேன்டீனில் உழைத்து இங்கிலீஷ் படித்த ஆம்பிளை அவன் ஒருவன்தான். அவன் அழுதுகொண்டிருந்தபோதே மாஸ்டர் பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார். பெட்டியை விட்டுவிட்டுப் போனார்.

அத்தனை கல்லையும் அக்கா ஒரு வாளியில் அள்ளி, கழுவி, வீட்டுக்குக் கொண்டுபோனாள். இப்போது அவள் கணவரின் கடை வாசலில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. மேலே ஒரு அட்டை, எழுத்து அவளுடையது:

"இங்கிலீஷ் கல் இங்கே கிலோக் கணக்கில் கிடைக்கும். மீன்களுக்கு மட்டும். மனிதர்கள் தயவுசெய்து பிரித்துப் பார்த்து வாங்கவும். மூளை என்று ஒன்று இருந்தால், முதலில் அதைப் பிரிக்கவும். பலருடையது இன்னும் சீல் உடைக்காமலே இருக்கிறது."