கட்டைத் துவக்குக்கு ஒரு மூக்கு

காலை 5.40. வெடி ஒன்று. விழுந்தவர் பெயர் அலெக்ஸாண்டர்.

அலெக்ஸாண்டர் என்பது நான்தான். சுட்டதும் நான்தான். பன்றி விழவில்லை. அது எங்கள் நானாட்டான் வயலின் வரம்பில் நின்று, சேற்றில் மல்லாந்து கிடந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவசரப்படாமல் வாய்க்காலைக் கடந்து போனது. 2022 நவம்பர் முதற்கிழமை. நெல் ஒரு சாண்கூட வளரவில்லை.

வயல் மனைவி அன்ரோனெற்றின் சீதனம். மூன்று ஏக்கர். துவக்கு அவளுடைய அப்பாவினது. அவர் கண்ணை மூடியதும் உரிமம் என் பெயருக்கு வந்தது. உப்புக்காற்றில் குழலின் முனை துருப்பிடித்ததால் அவர் காலத்திலேயே அனுமதி எடுத்து முனையை வெட்டியிருந்தார்கள். ஆகவே குழல் கட்டை. சுட்டால் முன்னால் நெருப்பு, பின்னால் உதை, இரண்டு காதிலும் இடி. பன்றி நிற்கும் திசைக்கு மட்டும் ஒரு சன்னக் குண்டும் போகாது. பதினான்கு வருடத்தில் எத்தனை பன்றி விழுந்தது என்று கேட்பவர்களிடம், நான் பெருமை பேசுவதில்லை என்று சொல்லிவிடுவேன்.

மன்னார்த் தீவின் தாராபுரத்து வீட்டில் அன்ரோனெற் என் தோளுக்கு எண்ணெய் பூசினாள்.

"எத்தினை விழுந்தது?"

"ஒண்டு."

"பண்டியோ?"

"இல்லை."

"இஞ்சேருங்கோ. பதினாலு வருசமா அந்தத் துவக்கு உங்களைத்தான் சுடுது. இந்த முறை லைசன் புதுப்பிக்க வேண்டாம். கச்சேரியிலை குடுத்திட்டு வாங்கோ."

"பிறகு பண்டிக்கு என்ன செய்யிறது?"

"இப்ப என்ன செய்யிறியள்?"

தோளைக் காட்டி முனகினேன்.

வாசகர்கள் என் நிலையை விளங்கிக்கொள்ள வேண்டும். நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். அதை ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை. ஆனால் தோளில் துவக்கோடு நானாட்டான் சந்தியில் இறங்கினால் உழவு இயந்திரங்கள் நிற்கும். தேநீர்க்கடையில் கதிரை வரும். "துவக்கு மாஸ்டர் வாறார்" என்பார்கள். துவக்குப் போனால் நான் யார்? அன்ரோனெற்றின் மனிசன். வேறொன்றும் இல்லை.

அன்று மாலையே ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். பிழை என்னில் இல்லை. பிழை துவக்கின் வாயில். கட்டைக் குழலுக்கு முனையில் பூட்டுவதற்கென்றே சாமான்கள் இருக்கின்றன என்று தொலைபேசியில் பார்த்தேன். சரியான ஒன்றைப் பூட்டி ஒரு பன்றியை விழுத்திவிட்டால் அன்ரோனெற்றின் வாய் தானாக அடங்கும்.

மறுநாளே, கிழமைக்கு நாலு லீற்றர் என்று பங்கீட்டுக் கியூஆருக்குக் கிடைத்த பெற்றோலில் ஒரு பகுதியை எரித்துக்கொண்டு மன்னார்ப் பட்டினத்துக்குப் போனேன். அங்கே சரிபுதீன் நானாவுக்கு லேத் பட்டறை இருக்கிறது. படகு எஞ்சின் தண்டு முதல் கோயில் மணியின் நாக்கு வரை கடைந்தவர்.

"நானா, இது வீட்டுக்குத் தெரியக்கூடாது."

"என்ட வீட்டுக்கா, ஒங்கட வீட்டுக்கா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப மெதுவாப் பேசுங்க மாஸ்டர். உம்மு குல்சூம் உள்ளதான் ஈக்கிறா."

உம்மு குல்சூம் அவருடைய மனைவி. நான் குரலைத் தாழ்த்தி விசயத்தைச் சொன்னேன். நானா என் தொலைபேசியில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மூணு விதமான மூக்கு ஈக்கி. இது புகையப் பக்கவாட்டால வுடும், ஒதை கொறையும். இது நெருப்ப மறைக்கும். இது வாயக் கொஞ்சம் ஒடுக்கும், சன்னம் செதறாமப் போகும். ஒங்களுக்கு எதுல வருத்தம்?"

"தோள் நோகுது. கண் கூசுது. சன்னமும் சிதறுது."

"மூணையும் பூட்டினா மூக்கு கொழலை விட நீளமாப் போயிடும். துவக்கு எது, மூக்கு எதுன்னு பண்டிக்கே வெளங்காது."

"சத்தத்தைக் குறைக்கிற ஒண்டும் இருக்காம்."

"அதக் கேட்டா அனுமதிக் கடிதம் வராது மாஸ்டர். பொலிஸ் ஜீப் வரும்."

நான் தோளைத் தடவிப் பார்த்து, உதை குறைக்கும் மூக்கைத் தெரிவுசெய்தேன். நானா தலையசைத்தார். ஆனால் மாவட்டச் செயலகமான கச்சேரியின் அனுமதி இல்லாமல் துவக்கில் ஆணிகூட அடிக்கமாட்டேன் என்றார். விண்ணப்பத்தில் காணிச் சொந்தக்காரியின் சம்மதக் கையெழுத்தும் வேண்டுமாம்.

காணிச் சொந்தக்காரி அப்போது வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் கையெழுத்து வராது. ஆகவே விண்ணப்பத்தின் மேற்பாதியைச் செய்தித்தாளால் மூடி, கையெழுத்து வைக்கும் இடத்தை மட்டும் வெளியில் விட்டு, மேசையில் வைத்தேன்.

"என்னப்பா இது?"

"நீர் சொன்ன அலுவல்தான். துவக்கை ஒப்படைக்கிறதுக்குக் கடிதம்."

"உண்மையாவோ?"

"நீர் சொல்லி நான் எதைக் கேக்காமல் விட்டனான்?"

அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்து வைத்தாள். செய்தித்தாளைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"வாசிச்சுப் பாக்கேல்லையோ?"

"உங்களை நம்பாமல் நான் ஆரை நம்புறது?"

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன்.

நவம்பர் 27, கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைய வாசகம் போர்க்கருவிகளை உழுபடையாக அடிப்பதைப் பற்றியது. பூசை முடிவில் பங்குத்தந்தை அறிவித்தல்களை வாசித்தார். ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளின் பெயர் தரவேண்டும். சேமக்காலைக் கல்லறைகளைச் சனிக்கிழமை துப்புரவாக்க வேண்டும். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மரியாயின் சேனைக் கூட்டத்திலை ஒரு சந்தோசமான செய்தி கேள்விப்பட்டன். எங்கட பங்கைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் மாஸ்டர் தன்ர துவக்கை ஒப்படைக்கிறார். இண்டைய வாசகத்துக்கு இதைவிட நல்ல பிரசங்கம் எனக்குத் தெரியாது."

பெண்கள் பக்கம் பார்த்தேன். அன்ரோனெற் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

வாசலில் இருபது பேர் கை தந்தார்கள். ஒருவர் கண் கலங்கினார். நானாட்டானில் எனக்குப் பக்கத்து வயல் வைத்திருப்பவர் மட்டும் கண் கலங்கவில்லை. "இனிப் பயமில்லாமல் வயலுக்கை இறங்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏனப்பா இதை ஊருக்கெல்லாம் சொன்னனீர்?"

"நல்ல காரியத்தை ஏன் ஒளிக்கிறது? ஏன், ஒப்படைக்கேல்லையோ?"

"ஒப்படைக்கிறன், ஒப்படைக்கிறன்."

"அப்ப வெள்ளிக்கிழமை போவம். நானும் வாறன்."

கச்சேரியில் நிறஞ்சலா என்ற பெண் பிள்ளை கோவையைத் திறந்தது. ஒருகாலத்தில் என்னிடம் படித்த பிள்ளை. கணிதத்தில் கெட்டிக்காரி.

"சேர், துவக்கை ஒப்படைக்க வந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"ஆனா போன கிழமை உங்கட கடிதம் ஒண்டு வந்திருக்கு. குழலுக்கு மூக்குப் பூட்ட அனுமதி கேட்டு. மிஸிஸின்ர சம்மதக் கையெழுத்தும் இருக்கு." பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. "ஒப்படைக்கிற துவக்குக்கு ஏன் சேர் மூக்கு?"

என் முன்னால் இரண்டு வழி இருந்தன. மனைவியை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன் என்று சொல்லித் துவக்கைக் காப்பாற்றலாம். அல்லது துவக்கைக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றலாம். பக்கத்தில் அன்ரோனெற் மின்விசிறியின் சுற்றை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அது பழைய கடிதம், பிள்ளை. தேவையில்லை."

ஒப்படைக்கும் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். பிள்ளை முத்திரை குத்தியது.

"காணிச் சொந்தக்காரர் விரும்பினால் துவக்கை அவையின்ர பேருக்கு..."

"விருப்பம்" என்றாள் அன்ரோனெற்.

கைப்பையைத் திறந்தாள். விண்ணப்பம், புகைப்படம், கிராம அலுவலரின் உறுதிக்கடிதம், பொலிஸ் அறிக்கைக்கான படிவம், காணி உறுதியின் பிரதி, எல்லாம் ஒரே கோவையில் ஊசி குத்தி இருந்தன. விண்ணப்பத்தின் திகதியைப் பார்த்தேன். நான் சேற்றில் விழுந்ததற்கு மறுநாள்.

வெளியே மோட்டார்ச் சைக்கிளடியில் வைத்து வெடித்தேன்.

"நீர்தானே துவக்கு வேண்டாமெண்டனீர்?"

"எப்ப சொன்னனான்? பண்டி வயலை விட்டுப் போகுதே, துவக்கு வேண்டாமெண்டு சொல்ல? அதை வைச்சிருக்கிற ஆளைத்தான் வேண்டாமெண்டனான்."

"உமக்குச் சுடத் தெரியுமோ?"

"அப்பாவுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. வயலுக்கு ஆர் போனதெண்டு நினைக்கிறியள்?"

"இதை ஏன் என்னட்டை ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை. அப்பா கண்ணை மூடின கையோட துவக்கை நீங்கள்தானே தூக்கினனீங்கள்."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"அப்ப மூக்கும் போடத்தான் வேணும். உதை தாங்கமாட்டீர். உதை குறைக்கிறதைக் கேளும்."

"உதையிறது துவக்கில்லையப்பா. நீங்கள் அதைத் தோளிலை ஒட்டிப் பிடிக்கிறேல்லை. கண்ணையும் மூடுறியள். வாயை ஒடுக்கிறதுதான் வேணும், சன்னம் சிதறக்கூடாது. அதைத்தான் எழுதியிருக்கிறன்."

"மூக்கைப் பற்றி உமக்கு ஆர் சொன்னது?"

"உம்மு குல்சூம். நீங்கள் பட்டறையாலை வெளிக்கிட முந்தியே போன் எடுத்திட்டா."

வீடு வரும்வரை எதிர்க்காற்றைத் திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

2023 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, துவக்கின் உரிமமும் மூக்கின் அனுமதியும் திருமதி அன்ரோனெற் அலெக்ஸாண்டரின் பெயருக்கு வழங்கப்பட்டன. பட்டறைக்குப் போகும்போது மோட்டார்ச் சைக்கிளை நான் ஓட்டினேன். துவக்கு அவளுடைய தோளில் இருந்தது.