சொன்ன தேதிக்குக் கோட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் தையல் மிஷினும் நலம். நீயும் நலமாக, முக்கியமாக நான் அளவெடுத்தபோது இருந்த அதே சுற்றளவில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். பாதியில் உன் அக்கா போனைப் பிடுங்கி மீதியை அவள் சொல்வாள், அதில் எனக்கு நல்ல பெயர் இருக்காது. அதனால்தான் கடிதம்.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக டைலர் கடை வைத்திருக்கிற நான், இந்த வருஷம் பிறந்ததிலிருந்து சொன்ன தேதிக்குத் துணியைத் தைத்துக் கொடுத்து வந்தேன்.

ஆரம்பித்து வைத்தது உன் அக்கா. "வீட்டுக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணு, ரெண்டே ரெண்டு தீர்மானம் எடுங்க, புது வருஷமாவது உருப்படட்டும்" என்றாள். வீட்டில் அவளைக் கிண்டல் செய்யக் கூடாது, கடையில் தேதி தவறக் கூடாது. அட்டையில் எழுதி, கடைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியும் விட்டாள். வீட்டுத் தீர்மானம் மத்தியானம் வரைக்கும் நின்றது. குழம்பில் உப்பே இல்லை, நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன், அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் மாத்திரையை எடுத்து நீட்டினாள், அதோடு அந்தத் தீர்மானம் முடிந்தது. கடைத் தீர்மானத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டேன், வினையும் அங்கேதான் பிடித்துக்கொண்டது. தபால்காரர் வெள்ளிக்கிழமைக்கு என்று பேன்ட் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை தயார், ஆளைக் காணோம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து, "இன்னும் ஆகலையில்ல?" என்று கேட்டுக்கொண்டே திரும்பப் போனார். எடுத்து நீட்டினேன். மனுஷன் உள்ளே வெளியே புரட்டி, தையலைத் தடவி, "இவ்வளவு சீக்கிரம் முடிச்சா எங்கயோ கை வச்சிருக்கணுமே" என்றார். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் கதை அதற்கும் மேலே. இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்துத் தைக்கச் சொன்னவர், வந்து போட்டுப் பார்த்தார், பொத்தான் எட்டவில்லை. "நீங்க எப்படியும் ரெண்டு வாரம் இழுப்பீங்க, அதுக்குள்ள இளைச்சுடலாம்னு இருந்தேன். உங்கள நம்பி மோசம் போயிட்டேனே" என்று என்னையே திட்டிவிட்டுப் போனார். கடைசியில், எனக்கு வேலையே வருவதில்லை, அதனால்தான் உடனே முடிக்கிறேன் என்று தெருவில் பேச்சு கிளம்பி, வருகிற துணியெல்லாம் எதிர்க்கடை டைலரிடம் போகிறது. அவன் ஒன்றரை மாசம் ஆகும் என்கிறான், கூட்டம் நிற்கிறது. என் அலமாரியில் தைத்த துணி வழிகிறது, தைக்கத் துணி இல்லை.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். உன் கோட்டு விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. இருபதாம் தேதி உனக்கு நேர்காணல், மூன்று வருஷமாக அலைந்து வந்திருக்கிற வேலை. என்னிடம் மட்டும் பத்தாம் தேதிக்குள் கோட்டு வேண்டும் என்று சொன்னாய். நானும் எட்டாம் தேதியே பார்சலில் போட்டேன். நீயோ, அத்தான் எங்கே தைக்கப் போகிறார் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாய். பூட்டைப் பார்த்துவிட்டுப் பார்சல் எனக்கே திரும்பி வந்துவிட்டது. ஊரே என்னிடம் முன்னால் தேதி சொல்லும், நான் பின்னால் கொடுப்பேன், எல்லோருக்கும் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. இதை உன் அக்காவிடம் சொன்னால், "நீங்க ஒரு ஆள் திருந்தினா போதுமா? மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்கிறாள். அட்டையைக் கழற்றிவிட்டேன். நேற்று ஒருவர் சட்டைத் துணியோடு வந்து எப்போது கிடைக்கும் என்றார். "பார்க்கலாம்" என்றேன். முகம் மலர்ந்து இன்னொரு சட்டைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

உன் கோட்டை இஸ்திரி போட்டு இன்று காலை மறுபடி அனுப்பிவிட்டேன். பத்தொன்பதாம் தேதி வந்துவிடும், இந்தத் தடவை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே இரு. தோளை நிமிர்த்தி உட்கார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அக்காவின் அன்பும் என் ஆசீர்வாதமும், வேலை கிடைத்து நீ இரண்டாவது கோட்டும் என்னிடமே தைக்க வேண்டும் என்ற சுயநலமும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை முடித்து, பேனாவை நான் போட்டிருக்கிற கோட்டுப் பையில் செருகப் போனேன், பை வாய் திறக்கவில்லை. புதுக் கோட்டுக்குத்தான் பையை நூலோட்டி மூடி வைப்பேன். காலையில் தோள் சரியாக விழுகிறதா என்று பார்க்க, என் பழைய கோட்டைக் கழற்றிவிட்டு உன்னுடையதைப் போட்டுப் பார்த்தேன். மேசை மேல் கிடந்ததைப் பார்சல் கட்டினேன். ஆகவே உனக்கு வருவது என்னுடையது. உன்னுடையதை எடுத்துக்கொண்டு நானே இன்று பஸ் ஏறுகிறேன், மடித்தால் கசங்கும் என்று போட்டுக்கொண்டே வருகிறேன். கடிதத்தையும் கையிலேயே கொண்டு வருகிறேன். கோட்டின் இடது கையில் கொஞ்சம் டீ கொட்டியிருக்கிறது. நேர்காணலில் எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்.