அத்தையின் கூந்தலும் என் நூற்றுக்கு நூறும்

“நீ பேசறதக் கேக்கறதுக்குக் காசு குடுத்து ஒரு ஆளு வேணுமாடி? நாங்க இத்தினி பேரு சும்மாதானே குந்திக்கினு கீறோம்?”

நான் தெரபிஸ்டைத் தேடுகிறேன் என்றதும் என் அத்தை இப்படித்தான் கேட்டாள். நியாயமான கேள்வி. வீட்டில் அவள், நைனா, இரண்டு எருமைகள் எல்லோருமே நான் பேசுவதைக் கேட்கத் தயாராகத்தான் இருந்தார்கள். எருமைகள் குறுக்கே பேசுவதுகூட இல்லை.

அத்தை நைனாவின், அதாவது என் அப்பாவின், அக்கா. அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். (வீட்டில் மட்டுமா, எங்கள் தெருவிலேயே. இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதில்லை.) வெதுருகுப்பம் பக்கம் எங்கள் ஊர். எல்லைக்கோடு போட்ட காலத்தில் எங்களை ஆந்திராவில் வைத்துவிட்டார்கள். அதனால் வீட்டில் தமிழில் அழுவோம், பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் பாஸ் செய்வோம். நான் பி.எட். வரை தெலுங்கில் பாஸ் செய்து, சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் ஆனேன். தோல்வி என்பது பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் பைபோலார் வந்தது.

ஒரு கோடையில் எனக்குத் தூக்கமே தேவைப்படவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வருடப் பாடத்தை ஒரே வாரத்தில் நடத்தி முடித்தேன். மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் வாசலில் நின்று, ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்களைக் கூட்டி, உலகப் படத்தை மண்ணில் வரைந்து, அவர்கள் அனுப்பும் கூழ் எந்தக் கடல் வழியாகப் போகிறது என்று விளக்கினேன். பாவம், பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். மழைக்காலம் வந்ததும் எல்லாம் அணைந்துபோனது. பல் தேய்க்க எழுந்திருப்பதே மலை ஏறுவதுபோல் இருந்தது. அத்தைதான் என்னை உட்காரவைத்துத் தலை வாரிவிடுவாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தச் சுவர் இருக்கிறது, நான் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வேலூரில் ஒரு டாக்டர் நோய்க்குப் பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். “மாத்திரை மட்டும் போதாதும்மா. மாசத்துக்கு ரெண்டு தரமாவது போய்ப் பேசற மாதிரி, பக்கத்துலயே ஒரு தெரபிஸ்டைப் பிடி” என்றார். தக்காளி விலை கேட்டு வாங்குவதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

சித்தூரில் தேடினேன். ‘கவுன்சலிங் சென்டர்’ என்று பலகை பார்த்து மாடி ஏறினால், என் ரேங்க் என்ன, எந்த இன்ஜினீயரிங் காலேஜ் வேண்டும் என்றார்கள். இன்னொருவர் ‘மன அமைதி நிபுணர்’. நான் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கல்யாணம் பண்ணிக்கிட்டா சரியாயிடும், எங்கிட்டயே ரெண்டு ஜாதகம் இருக்கு” என்று கண்ணைத் திறந்தார். மூன்றாவதாகக் கிடைத்த அம்மா உண்மையாகவே படித்தவர். ஆனால் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸின் நாத்தனார். வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸின் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிவிட்டேன்.

கடைசியில் திருப்பதியில் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு புதன்கிழமைக்கு நேரம் வாங்கினேன். நைனாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் துண்டை உதறிக்கொண்டே இருந்துவிட்டு, “ஊர்ல கேட்டா மலைக்குப் போறான்னு சொல்லிடறேன்” என்றார்.

அங்கேதான் விபரீதம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் மலைக்கு, அதாவது ஏழுமலையானைப் பார்க்க, போகிறேன் என்று ஒருவர் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. போக முடியாதவர்கள் எல்லாம் தங்கள் வேண்டுதலை மஞ்சள் துணியில் காசோடு முடிந்து கொண்டுவந்து கொடுப்பார்கள், உண்டியலில் போடச் சொல்லி. விடிவதற்குள் எங்கள் வாசலில் கூட்டம். பிள்ளை வரம், போர்வெல்லில் தண்ணீர், மருமகள் திரும்பி வருவது, எல்லாம் முடிச்சு முடிச்சாக என் பைக்குள் விழுந்தன. ஊரில் இருக்கும் கவலையை எல்லாம் சுமந்துகொண்டு என் கவலைக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

போதாததற்கு அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

“நீ எங்க போறே அத்தை?”

“நானும் வரேன். எனக்கு வேண்டுதல் கீது.”

“இன்னா வேண்டுதல்?”

“அத வெளிய சொல்லுவாங்களா? போடி.”

அத்தையின் கூந்தலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முழங்கால் வரை வரும். நரைகூட ஓரத்தில்தான். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒன்றும் சரியில்லாமல் திரும்பி வந்தவளுக்கு அது ஒன்றுதான் சொத்து. வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்து முற்றத்தில் நின்று உலர்த்தினால் தெருப் பெண்கள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள்.

திருப்பதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது தெரபிஸ்டின் அறை. அத்தை வெளியே பெஞ்சில் முடிச்சு மூட்டையோடு உட்கார்ந்தாள். நான் உள்ளே போனேன். நூல்புடவை கட்டிய நடுவயது அம்மா. “செப்பம்மா” என்று சிரித்தார், சொல்லம்மா என்று.

தெலுங்கில் கேள்வி வந்ததும் எனக்கு என்ன ஆனதென்று இன்றைக்கும் புரியவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. கை மடிமேல் வந்தது. என் வாழ்க்கையில் தெலுங்கில் என்னைக் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் மார்க் போட்டவர்கள்.

தூக்கம் எப்படி? “பாகா உந்தண்டி மேடம்.” நன்றாக இருக்கிறதாம். (முந்தைய இரவு முழுக்க ஓடு எண்ணிக்கொண்டிருந்தவள்.) சாப்பாடு? சத்தான உணவு. ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? நூல்கள் வாசிக்கிறேன், பூச்செடி வளர்க்கிறேன். (எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடிகூடக் கிடையாது.) கோபம் வருமா? வந்தால் அதை எப்படிக் கையாள்வது என்று முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு சொன்னேன்.

பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார், செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று.

“லேதண்டி” என்றேன். இல்லை என்று. எல்லாப் பதிலிலும் அதைத்தான் மிக வேகமாகச் சொன்னேன். சரியான விடை அதுதான் என்று எனக்குத் தெரியும்.

அவர் குறிப்பேட்டை மூடினார். “நீங்க சொல்றதைப் பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. ஆனா மாத்திரையை நிறுத்தாதீங்க. ரெண்டு வாரத்துல கட்டாயம் திரும்பி வாங்க” என்றார் தெலுங்கில். முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

“இன்னா சொன்னாங்க?” என்று எழுந்தாள் அத்தை.

“எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க.”

என் முகத்தில் ரிசல்ட் பார்த்த சிரிப்பு இருந்திருக்க வேண்டும். அத்தை மாடி வராண்டாவிலிருந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். அழுதாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கி மலை பஸ் ஏறினாள். முடிச்சுகளைப் போடத்தான் அவசரம் என்று நினைத்தேன். ஆனால் அவள் கல்யாணகட்டையில் முடி இறக்கும் வரிசையில் போய் நின்றாள்.

“அத்தை, இன்னா இது?”

“உனக்கு சரியானா முடி தரேன்னு வேண்டிக்கினேன். ஆயிடுச்சில்ல?”

“மூணு கத்தரி முடி குடுத்தா போதும் அத்தை. பொம்பளைங்க அப்படித்தான் குடுப்பாங்க.”

“சாமிகிட்ட பேரம் பேசுவாங்களாடி? மொத்தமா பிழைச்சிக்கினே. மொத்தமாத்தான் தரணும்.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ‘நான் சொன்னது எல்லாம் பொய்’ என்ற ஒரு வரி. அதைச் சொன்னால் நான் ஃபெயில். முடி இறக்கும் அம்மா தண்ணீர் தெளித்தாள். பின்னல் ஒன்று, பின்னல் இரண்டு என்று மடியில் விழ, அத்தை கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான், மஞ்சள் முடிச்சு மூட்டையோடு, நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவியாக.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். சரியாகிவிட்டது என்று ஊருக்கே லட்டு கொடுத்த பிறகு மாத்திரை எதற்கு என்று நிறுத்தினேன். கட்டாயம் வரச் சொன்ன அம்மாவிடமும் போகவில்லை. அத்தையின் தலையில் சந்தனம் காய்ந்து, முடி முள் முள்ளாக எட்டிப் பார்ப்பதற்குள் நான் மறுபடியும் படுத்துவிட்டேன். இந்தத் தடவை சுவரைப் பார்க்கக்கூட முடியவில்லை. நைனா நிலத்துக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே அத்தை மொட்டைத் தலையோடு என் பக்கத்தில். அந்தத் தலையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போய்விட்டால் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் அத்தை என் வாயில் கஞ்சியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏண்டி, அந்த டாக்டரம்மாகிட்ட இன்னாதான் சொன்னே?”

“எல்லாம் நல்லா கீதுன்னு சொன்னேன்.”

“நல்லா இல்லாததத்தானே சொல்லப் போனே?”

“கேள்வி கேட்டாங்க அத்தை. சரியா பதில் சொல்லணும்னு...”

அத்தை ஸ்பூனைக் கீழே வைத்தாள். தன் தலையைத் தடவிப் பார்த்தாள். “அடிப் பாவி! பாஸாவறதுக்கா என் முடிய அறுத்தே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்ததால் அது இருமல்போல வந்தது. அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

“நெசமா சொல்லு. போயிடலாம்னு நெனக்கிறியா?”

தமிழில் கேட்டாள். என்னால் பாஸ் செய்ய முடியவில்லை.

“ஆமா அத்தை” என்றேன்.

அவள் கத்தவில்லை. எழுந்து வாசலில் இருந்த நைனாவிடம் போய், “தம்பி, வண்டியச் சொல்லு. வேலூருக்குப் போவணும், இப்பவே” என்றாள். பிறகு உள்ளே வந்து, “அப்பறம் திருப்பதி. இந்த தரம் ஃபெயிலாயிட்டு வரணும், தெரிதா? உனக்கு வராதுன்னா நான் சொல்லித் தரேன். ஒண்ணாங்கிளாஸ்லருந்து ஓடியாந்தவ நானு” என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது வலியை மறைத்து ஒன்றுமில்லை என்று சொன்னால், நைனா முதல் எருமை வரை எல்லோரையும் பார்த்து அத்தை கேட்பது ஒன்றுதான்: “பாஸா, ஃபெயிலா?” வருகிற விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவதும் அப்படியே. “எங்க பொண்ணு. பெரிய படிப்பு. மனசு டாக்டர்கிட்டயே பாஸாகி வந்தவ. மார்க் ஷீட்டு இங்க பாருங்க” என்று தலையைக் குனிந்து காட்டுவாள்.

வேலூரில் மறுபடி மாத்திரை ஆரம்பித்து, நான் எழுந்து நடமாட மாதங்கள் ஆயின. அத்தையின் முடி இப்போது காதைத் தொடுகிறது. போன புதன்கிழமை நான் தனியாகப் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். எதிர்வீட்டு அக்கா மஞ்சள் முடிச்சோடு ஓடி வந்தாள். “மலைக்காம்மா?”

“இல்லக்கா. எனக்கு மனசு சரியில்ல. திருப்பதியில அதுக்கு ஒரு டாக்டரம்மா கீறாங்க. அங்க போறேன்.”

அவள் முடிச்சை நீட்டிய கையோடு நின்றாள். அந்தக் கையை மெதுவாக மூடிவிட்டு, வெறும் பையோடு பஸ் ஏறினேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்த அம்மா சிரித்து, “செப்பம்மா” என்றார்.

“மேடம், இன்னிக்கு தமிழ்ல பேசட்டுமா?” என்றேன். பிறகு, போன தடவை இல்லை என்று சொன்ன விடையிலிருந்து ஆரம்பித்தேன்.