இருஇரு அண்ணனோட சிவப்பு லைட்டு

எல்லா ஊர்லயும் தாலி கட்ற நேரத்த ஐயரு குறிப்பாரு. பழவேற்காடு ஏரிய சுத்தி இருக்குற எங்க குப்பத்துங்கள்ல மட்டும் அத ஒரு மெமரி கார்டு குறிச்சிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கார்டுக்கு சொந்தக்காரர்தான் இருஇரு அண்ணன்.

அவருக்கு அம்மா அப்பா வெச்ச பேருன்னு ஒண்ணு இருக்கணும். ரேஷன் கார்டுல தேடினா கெடைக்கும். நாங்க தேடல. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, படகு பூஜை, சாவு, எல்லாத்துக்கும் அவர்தான் வீடியோ. எதுவா இருந்தாலும் சரி, முக்கியமான கட்டம் வர்றப்ப கைய ஒசத்தி, "இரு இரு!"ன்னு ஒரு கத்து கத்துவாரு. மனுஷன், மாடு, மேளம் எல்லாம் அப்படியே நிக்கும்.

காரணம் தபால் தலை சைஸுல கேமராவுக்குள்ள உக்காந்திருந்துச்சு. கேமரா படத்த வாரி வாரி ஊத்தும். அண்ணனோட கார்டு அத நிதானமா, கையெழுத்துப் போட்டிக்கு எழுதுற மாதிரி எழுதிக்கும். கொஞ்ச நேரத்துல நெஞ்ச அடைச்சிக்கும். கேமரா தானா நின்னுடும். அண்ணன் இதுக்கு ஒரு வைத்தியம் கண்டுபுடிச்சி வெச்சிருந்தாரு. முக்கியமான எடத்துக்கு முன்னாடி எல்லாரையும் நிறுத்தணும். கேமராவையும் நிறுத்தணும். கார்டு எழுதி முடிக்கிற வரைக்கும் அதுல மினுக்கு மினுக்குன்னு அடிக்கிற சிவப்பு லைட்டு அடங்கணும். அப்புறம் புதுசா ஆரம்பிச்சிட்டு, "ஆவட்டும்!"னு ஒரு குரல். அதுக்கப்புறம்தான் மாப்ள முடிச்சுப் போடலாம்.

என் கல்யாணத்துல லைட்டு அடங்குறதுக்குள்ள நான் அவசரப்பட்டுட்டேன். ரொம்ப வயசாயி ஆவுற கல்யாணம், கைல கெடைச்சத விட மனசு வரல. விளைவு, என் கல்யாண வீடியோல நான் மாலையோட மணைல உக்காருறேன். அடுத்த காட்சியில பந்தில உக்காந்து ரெண்டாவது தபா பாயசம் கேக்குறேன். நடுவுல ஒண்ணும் கெடையாது. "உங்க வாழ்க்கைய இதுக்கு மேல யாரும் சுருக்கிச் சொல்ல முடியாது"ன்றா என் சம்சாரம். அன்னிலேர்ந்து அண்ணன எங்க பாத்தாலும், "இன்னாண்ணா, என் தாலி எங்க?"ன்னு கேக்குறது எனக்கு வழக்கமாயிடுச்சு. "கார்டுல எங்கியோ இருக்குடா, தேடிட்டு இருக்கேன்"னுவாரு.

ஒரு சாவு ஊர்வலம். வேகாத வெயிலு. சுடுகாட்டுத் திருப்பத்துல அண்ணன் குறுக்க வந்து, "இரு இரு!" பாடைய தூக்குன நாலு பேரும் நின்னுட்டாங்க. லைட்டு மினுக்குது, மினுக்குது, அடங்கவே இல்ல. முன்னாடி தோள் குடுத்த மச்சான் சொன்னாரு, "யண்ணா, உள்ள படுத்திருக்கிறவருக்கு ஒண்ணும் அவசரமில்ல. எங்க தோளுக்குத்தான் கொஞ்சம் அவசரம்." அண்ணன் லைட்டுலேர்ந்து கண்ண எடுக்காம, "அவரு மாதிரி கொஞ்சம் பொறுமையா இருங்கடா"ன்னாரு.

இன்னொரு தபா புதுப் படக தண்ணில எறக்குறாங்க. பூசணிக்கா உடைச்சி, கற்பூரம் காட்டி, எல்லாரும் தம் கட்டித் தள்ளுறாங்க. படகு முக்காவாசி தண்ணிக்குப் போயிடுச்சு. அண்ணன், "இரு இரு!" பழக்க தோஷத்துல அத்தன பேரும் கைய எடுத்துட்டாங்க. படகுக்குப் பழக்கமில்ல பாருங்க, அது பாட்டுக்குப் போயிடுச்சு. ஆளில்லாம, மாலையும் கழுத்துமா, மாப்ள மாதிரி ஏரிக்கு நடுவுல சுத்துது. படகுக்காரரு வேட்டியோட நீந்திப் போயி புடிச்சாந்தாரு. அண்ணனுக்கு ஒரே வருத்தம், அவரு நீந்துனதும் கார்டுல பாதிதான் விழுந்துச்சாம்.

இப்படியே வருஷக்கணக்கா ஓடி, இது ஒரு சடங்காவே மாறிடுச்சு. ஒரு கல்யாணத்துல பொன்னேரி சம்பந்தி ஒருத்தரு, "தாலி கட்றதுக்கு முன்னாடி எல்லாரும் செலையா நிக்கிறீங்களே, இது இன்னா சம்பிரதாயம்?"னு கேட்டாரு. எங்க ஊரு பெருசு ஒண்ணு கூசாம சொல்லுச்சு, "கடலம்மா கிட்ட உத்தரவு கேக்குறோம். எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து வர்ற வழக்கம்." சம்பந்தி கன்னத்துல போட்டுக்கினாரு.

ஏண்ணா, நல்ல கார்டா ஒண்ணு வாங்கக் கூடாதான்னு கேப்பீங்க. வாங்குவாரு. பொன்னேரி பஜாருக்குப் போயி விதவிதமா வாங்குவாரு. ஆனா வாங்குற விதம் இருக்கே! எங்க ஊருல நண்டு வாங்குனா வயித்துப் பக்கம் அமுக்கிப் பாப்போம். அமுங்கினா உள்ள தண்ணி, அமுங்கலன்னா சதை. அண்ணன் கடைல கார்ட எடுத்து கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்குவாரு.

"இன்னாண்ணா பண்றீங்க?"ன்னு கடைக்காரரு பதறுவாரு.

"சதை பாக்குறேன்."

"உடைஞ்சா நீங்கதான் எடுத்துக்கணும்."

"உடையிறதா இருந்தா நான் ஏன் வாங்குறேன்?"

அமுங்காத கார்டா பொறுக்குவாரு. அதுலயும் ஜிபி எதுல பெருசா போட்டிருக்கோ அதத்தான் எடுப்பாரு. பெரிய நண்டு, நல்ல சதை. முடிஞ்சிது தேர்வு. நானும் பக்கத்துல நின்னு பெரிய விஷயம் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுவேன். ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச வேலையும் அது ஒண்ணுதான்.

அப்படி வாங்குனதுலயே பெரிய கார்டு ஒண்ணு அவரு பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குனது. "இதுல நம்ம ஊரையே கொட்டலாம், இன்னிக்கி இரு இருவே கெடையாது"ன்னு மார் தட்டினாரு. நிறுத்தாம எடுத்தாரு. மாப்ள தாலிய கழுத்துக்குக் கிட்ட கொண்டு போனாரு. கேமரா நின்னுடுச்சு.

அதுலேர்ந்து அண்ணிக்கும் அவருக்கும் நடுவுல அந்த வீடியோ ஒரு சக்களத்தி மாதிரி. டிவில அது ஓடும்போதெல்லாம் அண்ணி தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லும், "வீடியோ பிரகாரம் எம் பெரிய பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆவல. ரெண்டு புள்ளைங்க எப்படி வந்துச்சோ, அந்தக் கார்டையே கேளுங்க." எல்லாரும் சிரிப்போம். அண்ணி சிரிக்காது. ஒரு தடவ எங்கிட்ட மட்டும் சொல்லுச்சு, "கூட்டத்துல ஒருத்தன் குறுக்க வந்துட்டான் தம்பி. நேர்லயும் நான் அந்த முடிச்சப் பாக்கல. வீடியோல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

போன தை மாசம் சின்னப் பொண்ணு கல்பனாவுக்கு எளாவூர்ல மாப்ள அமைஞ்சிது. தாம்பூலம் மாத்துன கையோட அண்ணி சொல்லிடுச்சு, "இந்தத் தபா முடிச்சு விழலன்னா, நீ கேமராவ ஏரில போட்டுடு. இல்ல, இப்பவே பொன்னேரிலேர்ந்து வேற ஆளக் கூட்டியாரேன்."

இந்த ஏரிக்கரைல சொந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு வெளியூரு வீடியோக்காரனா! அண்ணனுக்கு சோறு எறங்கல. இருக்குற கார்டையெல்லாம் முறத்துல கொட்டி ஒண்ணொண்ணா அமுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பக்கத்துல நான், தலையாட்ட.

கல்பனா பொன்னேரி காலேஜுல படிச்ச பொண்ணு. கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்து உக்காந்துச்சு.

"நைனா, ஜிபின்றது ஐஸ் பெட்டி சைஸு. எவ்ளோ மீனு கொள்ளும்னுதான் சொல்லும். வலையிலேர்ந்து வாரி பெட்டில போடுற கை எவ்ளோ வேகம்னு சொல்லாது."

"அத எது சொல்லும்?"

"இதோ, இங்கிலீஷ் 'வி'ன்ற எழுத்துக்குப் பக்கத்துல பொடிசா ஒரு நம்பரு இருக்கு பாரு. நிறுத்தாம எழுதுனாலும் வேகம் இதுக்குக் கொறையாதுன்னு அர்த்தம். உன் கார்டு பாதில அந்த எழுத்தே இல்ல."

"இதுல நூத்தி எழுவதுன்னு இவ்ளோ பெருசா போட்டிருக்கானே?"

"அது படிக்கிற வேகம் நைனா. நீ எடுத்தத கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப ஒதவும். எழுதுற வேகம் வேற."

நான் படிச்ச காலத்துல எனக்கு ரெண்டுமே மெதுவுதான், அதனால எனக்கு இந்தக் கொழப்பம் வந்ததில்லன்னு சொன்னேன். ரெண்டு பேரும் என்ன கண்டுக்கல.

"இந்தக் கேமராவுக்கு எந்த நம்பரு வேணும்?"

"அதோட புஸ்தகத்துலயே போட்டிருப்பான். எங்க வெச்ச?"

புஸ்தகம் பிரிட்ஜ் ஆடாம இருக்க கால்ல சொருகியிருந்துச்சு. உருவுனோம். பிரிட்ஜ் ஆடுச்சு. நம்பரு கெடைச்சிது. மறுநாளே பொன்னேரில அந்த நம்பரு போட்ட கார்டு வாங்குனோம். அண்ணன் அமுக்கல. விரலு துடிச்சிது, ஆனா அமுக்கல.

"போலிக் கார்டும் இருக்கும், எழுதிப் பாத்துட்டு நம்பு"ன்னு கல்பனா சொல்லியிருந்துச்சு. அதனால ஏரிக்கரைல ஒத்திகை. நான் மாப்ள. படகு கட்ற கம்பம் பொண்ணு. "பின்னாடி அலை அடிக்குது, முன்னாடி நீயும் ஆடு, கார்டுக்கு நெறைய வேலை குடுக்கணும்"னாரு அண்ணன். நான் துண்ட மாலையா போட்டுக்கினு, குதிச்சிக் குதிச்சி கம்பத்துக்கு மஞ்சக் கயிறு கட்னேன். நிறுத்தாம ஓடுச்சு. திரும்பத் திரும்பக் கட்ட வெச்சாரு. அந்தப் பக்கமா எறா வாங்க வந்த என் சம்சாரம் நின்னு பாத்துட்டு, "வீட்ல இருக்குறவளுக்கு ஒழுங்காக் கட்ட துப்பில்ல, கம்பத்துக்குக் கட்றாரு"ன்னுட்டுப் போயிடுச்சு. அதுவும் முழுசா பதிவாச்சு. கார்டு நல்ல கார்டு.

கல்யாணத்தன்னிக்கு அண்ணன் பட்டு வேட்டில, கழுத்துல கேமராவோட நிக்கிறாரு. "இரு இருன்னு வாயே தொறக்கக் கூடாது"ன்னு அண்ணி சத்தியம் வாங்கியிருந்துச்சு. தாரை வாக்குறப்ப மட்டும் கேமராவ எங்கிட்ட குடுத்தாரு. அது முடிஞ்சதும் அவரு கைக்குப் போயிடுச்சு. கார்டு ஓடுது. ஓடிட்டே இருக்கு. மாப்ள தாலிய வாங்கி கல்பனா கழுத்துக்கிட்ட கொண்டு போனாரு.

அண்ணன் வாயத் தொறக்கல. ஆனா மண்டபம் நின்னுடுச்சு.

ஐயரு மந்திரத்த வாயிலயே வெச்சிருக்காரு. மேளக்காரரு குச்சி அந்தரத்துல நிக்குது. அட்சதை ஓங்குன கை ஓங்குனபடி. இத்தன வருஷப் பழக்கம், யாரும் சொல்லாமலே நின்னுட்டாங்க. எளாவூரு மாப்ள பாவம், எல்லாரும் நிக்கிறாங்களேன்னு அவரும் நின்னுட்டாரு. அத்தன கண்ணும் அண்ணன் மேல. ஆவட்டும்னு அவரு ஒரு வார்த்த சொல்லணும், அவ்ளோதான்.

சொல்லல.

"போச்சா? இதுவும் போச்சா?"ன்னு அண்ணி அலறுச்சு. நான் எட்டி கேமராவப் பாத்தேன். சிவப்பு எரியுது, நம்பரு ஓடுது. "ஓடுது அண்ணி, நல்லா ஓடுது!"

"அப்புறம் இன்னாவாம் இந்த ஆளுக்கு?"

அப்பதான் அவரு மூஞ்சப் பாத்தேன். ஒதடு மட்டும் அசையுது. பக்கத்துல நின்ன எனக்கே பாதிதான் கேட்டுச்சு.

"இரு… இரு…"

மணைலேர்ந்து கல்பனா நிமிந்து கேமராவையே பாத்துச்சு. கண்ணு நெறைய தண்ணி, வாயில சிரிப்பு. "நைனா, அவருக்குக் கை வலிக்குது. சொல்லு நைனா."

அண்ணன் வாயத் தொறந்தாரு. காத்துதான் வந்துச்சு. யாரு மொதல்ல ஆரம்பிச்சாங்கன்னு தெரியல, படகுக்காரரா, பாடை தூக்குன மச்சானா, மொத்த மண்டபமும் ஒரே குரல்ல கத்துச்சு: "ஆவட்டும்!"

கெட்டிமேளம். மூணு முடிச்சும் விழுந்துச்சு. கார்டுலயும்.

வீடியோவக் கோக்குறப்ப, "அந்த நிக்கிற எடம் ரொம்ப நீளம், வெட்டிடட்டுமா?"ன்னு அண்ணன் கேட்டிருக்காரு. "அதுல கை வெச்சிப் பாரு"ன்னு சொல்லிடுச்சாம் அண்ணி.

போன வாரம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். டிவில அதான் ஓடிட்டிருந்துச்சு. யாரும் அசையாத எடம் வந்துது. பின்னாடி அண்ணன் மூக்க உறிஞ்சுற சத்தம் மட்டும் தெளிவாக் கேக்குது. அண்ணி டிவிலேர்ந்து கண்ண எடுக்காம, முந்தானைய மட்டும் பக்கத்துல உக்காந்திருந்த ஆளு பக்கமா நீட்டுச்சு. அண்ணன் வாங்கித் தொடச்சிக்கினாரு.

"இன்னாடா தம்பி, தாலி கேக்க வந்தியா?"ன்னாரு என்னப் பாத்து.

"இல்லண்ணா, சும்மா வந்தேன்"னேன். "நீ மெதுவா தேடு."